மருந்தும் சோறும்: மெட்ராஸ் குடிசைகளிலிருந்து ஜார்க்கண்ட் வரை

சென்னைக் கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு போகும் ரயில் பாதையில் 'தாம்பரம் சானடோரியம்' என்று ஒரு நிலையம் இருக்கிறது. மெப்ஸ் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறவர்களும் கல்லூரி மாணவர்களும் தினமும் ஏறி இறங்கும் இடம். சானடோரியம் என்றால் என்ன என்று கேட்டால் பலருக்கும் ஊர்ப் பெயராகத்தான் தெரியும். அது காசநோயாளிகளை மாதக்கணக்கில் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் நிலையம். 1928-இல் டாக்டர் சௌரி முத்து அங்கே அதைத் தொடங்கினார். பின்னர் அரசு எடுத்துக்கொண்டது. இன்றும் அங்கே அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை இயங்குகிறது.

உலகம் முழுக்க ஒரு காலத்தில் இப்படி ஆயிரக்கணக்கான சானடோரியங்கள் இருந்தன. இன்று பெரும்பாலானவை இல்லை. அவற்றை மூடவைத்த காரணங்களில் முக்கியமான ஒன்று, 1950களில் மெட்ராஸ் நகரத்தின் ஏழைகளிடம் நடந்த ஒரு மருத்துவ ஆய்வு. மருத்துவக் கல்லூரியில் படிக்கிறவர்கள் அதை ஒரு வரியில் படித்துவிட்டுக் கடந்துபோவார்கள். சமூகப் பணியும் சமூகவியலும் படிக்கிற நம்மில் பலருக்கு அந்த ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை.

மருத்துவ ஆய்வு டாக்டர்களின் விஷயம் என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் எந்த ஆய்வுக்கும் உடல் வேண்டும், ரத்தம் வேண்டும், சளி வேண்டும். அதை யார் கொடுத்தார்கள், அவர்களிடம் என்ன கேள்வி கேட்கப்பட்டது, என்ன கேள்வி கேட்கப்படவில்லை என்பதெல்லாம் நம் விஷயம். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

மருந்து இல்லாத காலம், மருந்து வந்த காலம்

காசநோய் ஒரு கிருமியால் வருகிறது என்று ராபர்ட் கோக் 1882-இல் நிரூபித்தார். ஆனால் அந்தக் கிருமியைக் கொல்ல அடுத்த அறுபது ஆண்டுகளுக்கு மருந்து கிடைக்கவில்லை. நல்ல காற்று, முழு ஓய்வு, பால், முட்டை, இறைச்சி, இவைதான் சிகிச்சை. பணம் உள்ளவருக்கு மலைப்பகுதியில் சானடோரியம். இல்லாதவருக்கு இருமலும் ரத்தமும் சாவும்.

1943-இல் அமெரிக்காவில் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டெடுத்தார். போர் முடிந்திருந்த பிரிட்டனிடம் அதை வாங்கப் போதிய டாலர் இல்லை. கொஞ்சம் மருந்துதான் வந்தது. எல்லோருக்கும் கொடுக்க முடியாது என்ற நிலையில், பிரிட்டனின் மருத்துவ ஆய்வுக் கவுன்சில் ஒரு முடிவெடுத்தது. இருக்கிற மருந்தை வைத்து, அது உண்மையில் வேலை செய்கிறதா என்று சந்தேகமே இல்லாமல் தெரிந்துகொள்வோம் என்பதுதான் அது.

இந்த ஆய்வை வடிவமைத்தவர் புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில். அவரே இளம் வயதில் காசநோயில் கிடந்து பிழைத்தவர். 107 நோயாளிகள் இரண்டு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். 55 பேருக்கு ஸ்ட்ரெப்டோமைசினும் படுக்கை ஓய்வும். 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். யார் எந்தக் குழு என்பதை டாக்டர் முடிவு செய்யவில்லை. மூடி ஒட்டிய உறைக்குள் இருந்த சீட்டு முடிவு செய்தது.

டாக்டரை ஏன் நம்பவில்லை? அவர் கெட்டவர் என்பதால் இல்லை. 'இவர் பிழைத்துக்கொள்வார்' என்று தோன்றும் நோயாளிக்கு அவர் தன்னையறியாமல் மருந்தைக் கொடுத்துவிடலாம். பிறகு அந்த நோயாளி பிழைத்தால், மருந்தால் பிழைத்தாரா, ஏற்கெனவே தெம்பாக இருந்ததால் பிழைத்தாரா என்று தெரியாது. தெரிந்தவர், சொந்தக்காரர், நல்ல துணி உடுத்தியவர் என்று மனித மனம் ஆள் பார்த்துப் பிரிக்கும். நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சீட்டு ஆள் பார்ப்பதில்லை. இதைத்தான் சமவாய்ப்பு ஒதுக்கீடு என்கிறார்கள். மருந்து பெறாத அந்த இன்னொரு குழு, ஒப்பீட்டுக் குழு.

ஆறு மாதம் கழித்து எண்ணிப் பார்த்தார்கள். மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்திருந்தனர். பெறாத 52 பேரில் 14 பேர். 1948-இல் வெளியான இந்த முடிவு நவீன மருத்துவ ஆய்வின் அடித்தளமாகக் கருதப்படுகிறது.

இதில் இன்னும் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, ஆறு மாதத்தோடு கதை முடியவில்லை. மருந்து பெற்ற பலரின் உடலில் கிருமி மருந்துக்குப் பழகிப்போய், நோய் மறுபடி முற்றியது. ஒரே மருந்து போதாது, இரண்டு மூன்றைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்ற பாடம் தொடர்ந்து கண்காணித்ததால்தான் கிடைத்தது. மற்றொன்று, ஒப்பீட்டுக் குழுவில் இருந்தவர்களுக்குத் தாங்கள் ஓர் ஆய்வில் இருக்கிறோம் என்பதே சொல்லப்படவில்லை. இன்று அது செல்லாது. அன்று யாரும் அதைத் தவறாகப் பார்க்கவில்லை.

1956: மெட்ராஸ்

அடுத்த சில ஆண்டுகளில் பி.ஏ.எஸ். பயன்பாட்டுக்கு வந்தது. 1952-இல் ஐசோனியாசிட் வந்தது. இது மலிவான மாத்திரை, வாயால் விழுங்கலாம். ஆனால் சிகிச்சை என்றால் சானடோரியம் என்ற எண்ணம் மாறவில்லை. இந்தியாவில் நோயாளிகள் பல லட்சம் பேர். படுக்கைகள் சில பத்தாயிரங்கள். 1955-58-இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பு, நகரத்தில் இருக்கும் அளவுக்குக் கிராமத்திலும் காசநோய் இருக்கிறது என்று காட்டியது. எல்லோருக்கும் படுக்கை கொடுப்பதென்றால் ஒரு நூற்றாண்டு ஆகும்.

அப்படியானால் வீட்டிலேயே மாத்திரை கொடுத்தால் என்ன? இந்தக் கேள்விக்கு அன்று மூன்று மறுப்புகள் இருந்தன. ஏழையின் வீடு நெரிசலானது, அங்கே நோய் குணமாகாது. ஏழைக்குச் சத்தான உணவும் ஓய்வும் கிடையாது, மாத்திரை மட்டும் என்ன செய்யும்? நோயாளி வீட்டில் இருந்தால் குடும்பத்துக்கே ஒட்டிவிடும். இவற்றோடு, வெளியே அதிகம் சொல்லப்படாத நான்காவது ஒன்று: இந்த மக்களை நம்ப முடியாது, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட மாட்டார்கள்.

இதைச் சோதிக்க 1956-இல் மெட்ராஸில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், மெட்ராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆய்வுக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்தின. வாலஸ் ஃபாக்ஸ் அதை வழிநடத்தினார். இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வாரிசு.

நகரத்தின் ஏழைப் பகுதிகளிலிருந்து, சளியில் கிருமி இருப்பது உறுதியான 193 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். சமவாய்ப்பு முறையில் பாதிப் பேர் வீட்டுக்கு, பாதிப் பேர் சானடோரியத்துக்கு. இரு தரப்புக்கும் ஒரே மருந்துகள், ஐசோனியாசிடும் பி.ஏ.எஸ்.ஸும், ஓராண்டு. மருந்தில் மாற்றமில்லை. மாறியது இடமும் அந்த இடத்தோடு வரும் உணவும் ஓய்வும் கண்காணிப்பும்தான்.

சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு மூன்று வேளைச் சாப்பாடு, படுக்கை, நர்ஸ். வீட்டில் இருந்தவர்கள் ஒற்றை அறையில், குடும்பத்தோடு, கிடைத்ததைச் சாப்பிட்டார்கள். வேலைக்குப் போகாமல் இருக்க முடியாதவர்கள் போனார்கள். மருத்துவக் குழுவினர் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்து மிச்ச மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். நம்பிக்கை வைத்து விட்டுவிடவும் இல்லை, நம்ப மாட்டோம் என்று விலக்கவும் இல்லை. அளந்து பார்த்தார்கள்.

1959-இல் முடிவு வெளியானது. ஓராண்டின் இறுதியில் சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியிருந்தது. வீட்டில் 86 சதவீதம். இவ்வளவு சிறிய குழுவில் இந்த இடைவெளி தற்செயலாகவும் வரக்கூடியது. ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது அந்த வேறுபாடும் கரைந்துபோயிருந்தது. குடும்பத்தினரைப் பொறுத்தவரை, நோயாளி வீட்டில் இருந்ததால் கூடுதலாக யாருக்கும் நோய் பரவியதாகத் தெரியவில்லை. பரவ வேண்டியது நோய் கண்டுபிடிக்கப்படும் முன்பே பரவியிருந்தது. சரியான மருந்து தொடங்கியதும் நோயாளியால் வரும் ஆபத்து வேகமாகக் குறைந்துவிடுகிறது.

தோழர்களே, இந்த எண்களுக்குப் பின்னால் இருப்பதைக் கவனியுங்கள். மெட்ராஸின் குடிசைகளில் யார் வாழ்ந்தார்கள் என்பது நமக்குத் தெரியும். சேரி என்றால் அழுக்கு, சேரி என்றால் நோய், அங்கிருந்து ஆளை அகற்றினால்தான் குணமாகும் என்ற எண்ணம் பழைய தீட்டு எண்ணத்தின் மருத்துவ வடிவம். அந்த எண்ணத்தை ஒரு ஆய்வு தராசில் வைத்தது. அது தோற்றுப்போனது.

உலகம் எடுத்துக்கொண்டது

1962-இல் இந்தியாவின் தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையை அடிப்படையாகக் கொண்டு தொடங்கியது. மற்ற நாடுகளும் பின்தொடர்ந்தன. பணக்கார நாடுகளில் சானடோரியங்கள் காலியாயின. அதே மெட்ராஸ் மையம் அடுத்து, வாரத்துக்கு இருமுறை மட்டும் நேரடியாகப் பார்த்துக் கொடுக்கும் சிகிச்சையைச் சோதித்தது. பின்னாளில் 'டாட்ஸ்' என்று உலகம் முழுக்கப் போன முறைக்கு அந்த ஆய்வுகளும் ஒரு வேர்.

ஏறக்குறைய அதே காலத்தில் இன்னொரு ஆய்வு நடந்தது. சமூகவியல் மாணவர்கள் தவறாமல் தெரிந்துகொள்ள வேண்டியது. பெங்களூரில் இருந்த தேசியக் காசநோய் நிறுவனத்தில் தேபபர் பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் தும்கூர் மாவட்டக் கிராமங்களில், சளியில் கிருமி உள்ளவர்களைத் தேடிப்போய்ப் பேசினார்கள். கிராமத்து ஜனங்களுக்கு விவரம் போதாது, அதனால்தான் சிகிச்சைக்கு வருவதில்லை என்பதுதான் அன்றைய பொதுக் கருத்து. 1963-இல் வெளியான அவர்களின் முடிவு வேறு மாதிரி இருந்தது. பெரும்பாலானவர்களுக்குத் தங்களுக்கு ஏதோ நோய் இருக்கிறது என்று தெரிந்திருந்தது. ஏறத்தாழப் பாதிப் பேர் ஏற்கெனவே மருத்துவ நிலையத்துக்குப் போயிருந்தார்கள். போனவர்களுக்கு அங்கே கிடைத்தது பெரும்பாலும் இருமல் மருந்து. சளியைச் சோதித்துப் பார்க்கவில்லை.

'மக்களிடம் விழிப்புணர்வு இல்லை' என்று யாராவது கருத்தரங்கில் பேசத் தொடங்கும்போதெல்லாம் இந்த ஆய்வை நினைத்துக்கொள்ளுங்கள். மக்கள் வந்தார்கள். வந்தவர்களை அமைப்பு பார்க்கவில்லை.

எது அளக்கப்பட்டது, எது விடுபட்டது

மெட்ராஸ் ஆய்வின் மறுபக்கத்துக்கு வருகிறேன்.

அந்த ஆய்வில் உணவும் அளக்கப்பட்டது. சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், எடையும் கூடுதலாக ஏறியது. வீட்டில் இருந்தவர்களின் உணவு மோசமாக இருந்தது. இருந்தும் இரு தரப்பிலும் கிருமி ஏறத்தாழ ஒரே அளவில் மறைந்தது. ஆகவே நல்ல மருந்து இருந்தால், நோயை அடக்குவதில் உணவு முக்கியக் காரணி இல்லை என்று 1961-இல் எழுதினார்கள்.

அவர்கள் அளந்ததை வைத்துப் பார்த்தால் அந்த வாக்கியம் சரி. ஆனால் அது பயணம் போகப் போகச் சுருங்கியது. 'கிருமியை அழிக்க உணவைவிட மருந்து முக்கியம்' என்பது 'காசநோய்க்கு உணவு முக்கியமில்லை' என்றானது. திட்டத்தின் அலமாரியில் மாத்திரைக்கு இடம் கிடைத்தது. அரிசிக்கும் பருப்புக்கும் பல பத்தாண்டுகளுக்கு இடமில்லை.

ஒரு ஆய்வில் எதை இறுதி விளைவாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மெட்ராஸில் எடுத்துக்கொண்டது சளியிலும் எக்ஸ்ரேயிலும் தெரியும் மாற்றம். அதை வைத்து, குணமானவர் திரும்ப மூட்டை தூக்க முடிந்ததா என்று சொல்ல முடியாது. எலும்பும் தோலுமாக வருகிறவர் முதல் மாதத்திலேயே இறந்துபோவதை உணவு தடுக்குமா என்று சொல்ல முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த வீட்டிலிருக்கும் மனைவிக்கும் பிள்ளைக்கும் நாளை நோய் வராமல் இருக்க உணவு உதவுமா என்ற கேள்வி அந்த ஆய்வில் இல்லவே இல்லை. கேட்காத கேள்விக்குப் பதில் இல்லை என்பதை, 'விளைவு இல்லை' என்று கொள்கை வகுப்பவர்கள் வாசித்துவிட்டார்கள்.

உடலுக்குள் நடப்பது இதுதான். காசநோய்க் கிருமி உள்ளே போன எல்லோருக்கும் நோய் வருவதில்லை. பெரும்பாலானோரிடம் உடலின் எதிர்ப்பு அணுக்கள் அதைச் சுற்றிவளைத்து அடைத்துவைக்கின்றன. பட்டினி அந்தக் காவலைத் தளர்த்துகிறது. எச்.ஐ.வி., சர்க்கரை நோய், குடி, புகை இவையும் தளர்த்துகின்றன. இந்தியாவில் இவற்றில் மிகப் பெரியது ஊட்டச்சத்துக் குறைவு. யார் வீட்டில் பட்டினி என்ற கேள்விக்கு இந்த நாட்டில் சாதியைத் தொடாமல் பதில் சொல்ல முடியாது.

அதே காலத்தில் அலபாமாவில்

மெட்ராஸ் ஆய்வில் இரு தரப்புக்கும் மருந்து கிடைத்தது. ஏழைகளை வைத்து நடந்த எல்லா ஆய்வுகளும் அப்படி இல்லை. அதே ஆண்டுகளில் அமெரிக்காவின் அலபாமா மாநிலம், மேகன் மாவட்டத்தில் நடந்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் துறை 1932-இல் அங்கே டஸ்கிகீ ஆய்வைத் தொடங்கியது. சிஃபிலிஸ் நோய் உள்ள 399 கறுப்பின ஆண்கள், நோய் இல்லாத 201 பேர். பெரும்பாலும் பருத்தி வயல்களில் குத்தகைக்கு உழைத்த ஏழைகள். அவர்களிடம் 'கெட்ட ரத்தம்', சிகிச்சை தருகிறோம் என்றார்கள். முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்ததைக்கூட இலவசச் சிறப்புச் சிகிச்சை என்றார்கள். உண்மையான நோக்கம், சிகிச்சை இல்லாவிட்டால் நோய் எப்படி முற்றுகிறது என்று சாகும் வரை பார்ப்பது. 1940களின் இறுதிக்குள் பென்சிலின் அந்த நோய்க்கு உறுதியான மருந்தாகிவிட்டது. அவர்களுக்குக் கொடுக்கவில்லை. வேறு இடத்தில் கிடைக்காமலும் பார்த்துக்கொண்டார்கள். இறந்தால் உடலை அறுத்துப் பார்க்கச் சம்மதித்த குடும்பத்துக்கு ஈமச்செலவு கொடுத்தார்கள்.

நாற்பது ஆண்டுகள் இது ஓடியது. ரகசியமாகக்கூட இல்லை, மருத்துவ இதழ்களில் கட்டுரைகள் வந்துகொண்டிருந்தன. படித்த டாக்டர்களில் பெரும்பாலோர் எதுவும் சொல்லவில்லை. பொதுச் சுகாதாரத் துறையில் வேலைபார்த்த பீட்டர் பக்ஸ்டன் உள்ளேயே எதிர்த்துப் பார்த்தார், பலிக்கவில்லை. பிறகு பத்திரிகைக்குச் சொன்னார். 1972 ஜூலையில் ஜீன் ஹெல்லரின் செய்தி வெளியானது, ஆய்வு நின்றது. கறுப்புச் சிறுத்தைகளின் பெயரைத் தழுவி பம்பாயில் தலித் பாந்தர்ஸ் எழுந்ததும் அதே ஆண்டில்தான்.

நாஜி மருத்துவர்கள் மீதான வழக்குக்குப் பிறகு 1947-இல் நியூரெம்பர்க் விதிகள் வந்தன. ஆய்வுக்கு உட்படுபவரின் மனமார்ந்த சம்மதம் கட்டாயம் என்பது அதன் முதல் விதி. ஹெல்சிங்கி பிரகடனம் 1964-இல் வந்தது. டஸ்கிகீ அவற்றுக்குப் பிறகும் ஓடியது. விதி எழுதப்பட்டிருப்பது ஒன்று, அது யாருக்குப் பொருந்தும் என்று அதிகாரத்தில் இருப்பவர் நினைக்கிறார் என்பது வேறு. தீண்டாமை ஒழிப்புச் சட்டப்பிரிவோடு வாழும் நமக்கு இது புதிதில்லை.

கைநாட்டும் கையெழுத்தும்

நம் நாட்டுக்கு வருவோம். 2009-இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி, 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்குப் போடப்பட்டது. பாத் என்ற அமெரிக்க அமைப்பும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து நடத்திய திட்டம். இரு மாநிலங்களிலும் சேர்த்து 20,000-க்கும் மேற்பட்ட சிறுமிகள். பலர் பழங்குடியினர், விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள். ஏழு சிறுமிகள் இறந்த செய்தி வெளியான பின், 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது.

இதைப் பேசும்போது நாம் நேர்மையாக இருக்க வேண்டும். அந்த மரணங்களுக்குத் தடுப்பூசி காரணம் என்று விசாரணையில் நிறுவப்படவில்லை. எச்.பி.வி. தடுப்பூசி பல நாடுகளில் பெண்களின் உயிரைக் காத்துவரும் நல்ல ஊசி. நம் வீட்டுப் பெண் பிள்ளைகளுக்கும் அது கிடைக்க வேண்டும். தவறு ஊசியில் இல்லை, அதைப் போட்ட விதத்தில் இருந்தது. நாடாளுமன்ற நிலைக்குழு 2013-இல் கொடுத்த அறிக்கை ஆந்திரத்தின் 9,543 ஒப்புதல் படிவங்களைப் பற்றிச் சொல்கிறது. 1,948-இல் இருந்தது கைநாட்டு. 2,763-இல் கையெழுத்திட்டது பெற்றோர் இல்லை, விடுதிக் காப்பாளர்.

விடுதியில் இருக்கும் பழங்குடிப் பிள்ளையின் உடல் மீது வார்டனுக்கு உரிமை உண்டு என்று ஒரு அமைப்பு முழுவதும் இயல்பாக நினைத்தது. ஒரு தனியார் பள்ளியில் இது நடந்திருக்குமா? இப்படி நடக்கும்போது ஒரு நல்ல தடுப்பூசியின் மீதே மக்களுக்கு அவநம்பிக்கை வருகிறது. அந்த நட்டமும் நம் பிள்ளைகளுக்குத்தான்.

ஜார்க்கண்ட்: கேட்கப்படாத கேள்வி

2019-இல் ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் ஒரு ஆய்வு தொடங்கியது. பெயரே 'ரேஷன்ஸ்'. பொது மருத்துவரான அனுராக் பார்கவாவும் மாதவி பார்கவாவும் வழிநடத்தினார்கள். சென்னையின் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பங்காளி. 1956-இல் தொடங்கிய அதே நிறுவனம், அறுபது ஆண்டுகள் கழித்து, அன்று கேட்காத கேள்விக்குத் திரும்பியது.

2,800 நோயாளிகள், அவர்களின் வீட்டில் இருந்த 10,345 பேர். வீட்டாரில் மூன்றில் இரண்டு பங்கு சந்தால், ஹோ, முண்டா, ஒராவோன், பூமிஜ் போன்ற பழங்குடியினர். மூன்றில் ஒருவர் ஊட்டச்சத்துக் குறைவானவர்.

ஆய்வின் வடிவத்தைப் பாருங்கள். நோயாளிகள் அனைவருக்கும் உணவுப் பொதி கொடுத்தார்கள். பசியோடு இருக்கும் நோயாளிகளில் ஒரு பாதிக்குச் சோறு கொடுத்து, மறு பாதி என்ன ஆகிறது என்று பார்ப்பது நெறியல்ல என்று முடிவெடுத்ததால் அங்கே ஒப்பீட்டுக் குழு இல்லை. டஸ்கிகீயிலிருந்து நாம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதற்கு இது ஒரு அடையாளம். சீட்டுப் போட்டது வீட்டாருக்கு மட்டும். அதுவும் ஆள் ஆளாக இல்லை, 28 காசநோய் அலகுகளாக. ஒரே தெருவில் ஒரு வீட்டுக்கு அரிசி, பக்கத்து வீட்டுக்கு இல்லை என்ற நிலை வராது. ஒரு பக்கத்து அலகுகளில் வீட்டிலுள்ள பெரியவர் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை. மறுபக்கத்தில் வீட்டாருக்கு இந்தக் கூடுதல் உணவு இல்லை.

2023-இல் முடிவு வந்தது. உணவு பெறாத 4,724 பேரில் 122 பேருக்குக் காசநோய் வந்தது. உணவு பெற்ற 5,621 பேரில் 96 பேருக்கு. ஆயிரத்துக்கு எவ்வளவு என்று நீங்களே வகுத்துப் பாருங்கள்: அந்தப் பக்கம் சுமார் 26, இந்தப் பக்கம் சுமார் 17. கண்காணித்த காலத்தையும் அலகுகளுக்கு இடையிலான வேறுபாட்டையும் கணக்கில் எடுத்தபோது, நோய் வருவது 39 சதவீதம் குறைந்திருந்தது. பிறருக்குத் தொற்றக்கூடிய நுரையீரல் காசநோய் 48 சதவீதம். நோயாளிகளிடமும் ஒரு விஷயம் தெரிந்தது: முதல் இரண்டு மாதங்களில் எடை ஏறியவர்களிடையே இறப்பு தெளிவாகக் குறைவு.

அரிசியும் பருப்பும் ஒரு நல்ல தடுப்பூசிக்கு நிகராக வேலை செய்திருக்கின்றன. பாட்டிகளுக்குத் தெரிந்த விஷயம்தானே, இதற்கு ஆய்வு எதற்கு என்று சிலர் கேட்கலாம். பாட்டி சொன்னதற்கு பட்ஜெட்டில் பணம் ஒதுக்க மாட்டார்கள். 39 சதவீதம் என்ற எண்ணை மேசையில் வைத்தால், அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும். அதனால்தான் இந்த மொழி நமக்கு வேண்டும்.

இனி நம் வேலை

மருந்தா சோறா என்று சண்டை போட இந்தக் கட்டுரையை எழுதவில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டுச் சத்துணவு மட்டும் சாப்பிட்டால் காசநோய் குணமாகாது. மெட்ராஸ் ஆய்வு சொன்னது இன்றும் உண்மை. ஜார்க்கண்ட் ஆய்வு அதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்ததுதான் நம் கோரிக்கை.

காசநோயாளிக்கு ஒன்றிய அரசின் நிக்ஷய் போஷண் திட்டத்தில் மாதம் 500 ரூபாய் 2018 முதல் தரப்பட்டது. 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய். உங்கள் பகுதியில் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு அது வங்கிக் கணக்கில் ஏறுகிறதா என்று கேளுங்கள். வீட்டாரின் உணவுக்கு என்ன ஏற்பாடு என்றும் கேளுங்கள்.

தமிழ்நாட்டில் 2022 முதல் காசநோய் இறப்பில்லாத் திட்டம் நடக்கிறது. நோய் உறுதியானதும் ஆபத்தான நிலையில் இருப்பவரைப் பிரித்தறிந்து உடனே படுக்கையில் சேர்ப்பது அதன் நோக்கம். அதற்குப் பெரிய கருவி வேண்டாம். பி.எம்.ஐ. 14 அல்லது அதற்குக் கீழே இருக்கிறதா, அல்லது 16-க்குள் இருந்து காலில் வீக்கமும் இருக்கிறதா? நிமிடத்துக்கு 24 முறைக்கு மேல் மூச்சு வாங்குகிறதா? விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 94-க்குக் கீழ் காட்டுகிறதா? பிடிமானம் இல்லாமல் நிற்க முடியவில்லையா? இதில் ஒன்று இருந்தாலும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. வீட்டுச் சிகிச்சை பெரும்பாலானோருக்குச் சரி. இவர்களுக்கு இல்லை. களப்பணிக்குப் போகும் மாணவர்கள் இதை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்ததாக, உங்கள் ஊருக்கு, விடுதிக்கு, குடியிருப்புக்கு ஆய்வு என்று யாராவது வந்தால் கேட்க வேண்டியவை:

1. என்ன கேள்விக்குப் பதில் தேடுகிறீர்கள்? எதை வைத்து வெற்றி, தோல்வி என்று சொல்வீர்கள்?
2. ஒப்பீட்டுக் குழுவுக்கு என்ன கிடைக்கும்? ஏற்கெனவே பலன் நிரூபிக்கப்பட்ட சிகிச்சை யாருக்காவது மறுக்கப்படுமா?
3. ஒப்புதல் படிவம் தமிழில் இருக்கிறதா? படித்துக் காட்டினீர்களா? மறுத்தால், பாதியில் விலகினால், வழக்கமான சிகிச்சை தொடருமா? படிவத்தின் நகல் எங்கே?
4. எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது? சி.டி.ஆர்.ஐ. பதிவு எண் என்ன? 2009 ஜூன் முதல் இந்தியாவில் மருந்து ஆய்வுகளை அந்த அரசுப் பதிவேட்டில் பதிவது கட்டாயம். யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம்.
5. ஆய்வால் உடலுக்குப் பாதிப்பு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் யார் பொறுப்பு? 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளில் இதற்கு இடம் இருக்கிறது.
6. முடிவை எங்களிடம் வந்து சொல்வீர்களா? பலன் இருந்தால் அது எங்கள் தெருவுக்கு எப்போது வரும்?

இந்தக் கேள்விகளைக் கேட்பதால் ஆய்வுக்கு எதிரி ஆகிவிட மாட்டோம். நல்ல ஆய்வாளர் சந்தோஷப்படுவார். எங்களைச் சோதனை எலி ஆக்காதே என்று கதவைச் சாத்துவது சில நேரம் தேவைப்படும். ஆனால் எப்போதும் சாத்தியே வைத்தால், நம் நோய்களைப் பற்றிய கேள்விகளை யாரும் கேட்க மாட்டார்கள். நம் பெண்களின் ரத்தசோகையும் துப்புரவுத் தொழிலாளியின் நுரையீரலும் ஆய்வுத் தாள்களில் இடம்பெறாமலே போகும்.

மருத்துவமும் பொதுச் சுகாதாரமும் புள்ளியியலும் படிக்கும் தோழர்களிடம் ஒன்று கேட்கிறேன். மெட்ராஸில் அந்த 193 பேர் சளியும் சிறுநீரும் கொடுத்தார்கள், ஐந்து ஆண்டுகள் எக்ஸ்ரேக்கு வந்து நின்றார்கள். அவர்கள் பெயர் எந்தப் பாடநூலிலும் இல்லை. உலகத்தில் வீட்டிலிருந்தபடியே காசநோயிலிருந்து மீண்ட ஒவ்வொருவரும் அவர்களுக்குக் கடன்பட்டவர்கள். அடுத்த ஆய்வில் நம் மக்கள் சளி கொடுக்கும் வரிசையில் மட்டும் நிற்கக் கூடாது. கேள்வியை எழுதும் மேசையிலும் உட்கார வேண்டும். அதற்குப் படியுங்கள்.